கொழும்பு கேட்ட மொழிகள் – 12: ஓவிட் எண்ணிப் பாராத வாசகர்கள்

கி.பி. 8ஆம் ஆண்டில் உரோமப் பேரரசன் அகுஸ்துஸ், ஓவிட் என்ற கவிஞரைத் தலைநகரிலிருந்து துரத்தினான். அவர் போய்ச் சேர்ந்த இடம் கருங்கடற்கரையிலிருந்த தோமிஸ். இன்றைய ருமேனியாவின் கொன்ஸ்தான்சா துறைமுகம். குளிரும் புரியாத மொழியும் சூழ்ந்த அந்த ஊரிலிருந்து அவர் நண்பர்களுக்குச் செய்யுளிலேயே கடிதங்கள் எழுதினார். அவற்றுள் ஒன்றில், உலகத்தின் எங்கோ ஒரு கோடியில் கிடைக்கும் புகழால் கவிஞனுக்கு என்ன ஆகப்போகிறது என்று அலுத்துக்கொள்கிறார். அந்தக் கோடிக்கு எடுத்துக்காட்டாக அவர் சொல்லும் பெயர்கள் இரண்டு. ஒன்று எகிப்தின் தென்னெல்லையிலிருந்த சியேனே. மற்றது தப்ரபேன், அதாவது நம்முடைய தீவு.

சென்ற இதழில் கொழும்புப் பறங்கியரின் போர்த்துக்கேயத்தைப் பார்த்தோம். அந்த மொழியின் பெருங்கவி கமோயிஷ் 1572இல் வெளியிட்ட காவியத்தின் முதற் செய்யுளிலும் தொலைவின் எல்லைக்கல்லாக நிற்பது தப்ரபேன்தான். ஐரோப்பியக் கவிதைக்கு நாம் நெடுங்காலம் ஒரு தூரத்தின் பெயர். அங்கே படிக்கத் தெரிந்த ஆட்கள் இருப்பார்கள் என்பது எவர் கணக்கிலும் இல்லை. ஆனாலும் உரோமின் பாட்டு இங்கே வந்தது. வந்த வழிகள் பல. வந்த நோக்கங்கள் பெரும்பாலும் பாட்டுக்குச் சம்பந்தமில்லாதவை.

மிளகு போன வழி

முதலில் வந்தது காசு. மூத்த பிளினி தம் இயற்கை வரலாற்றில் ஒரு கதை சொல்கிறார். அன்னியுஸ் புளோகாமுஸ் என்பவன் செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்தவன். அவனிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவன் அரேபியாவைச் சுற்றிக் கப்பலில் போகையில் காற்றால் அள்ளுண்டு, பதினைந்தாம் நாள் தப்ரபேனின் ஹிப்புரோஸ் துறையில் ஒதுங்கினான். ஆறு மாதம் அரச விருந்தாளியாக இருந்தான். வெவ்வேறு மன்னரின் முகம் பொறித்திருந்தும் உரோம வெள்ளிக் காசுகள் எல்லாம் ஒரே நிறையில் இருப்பதைக் கண்டு இங்குள்ள அரசன் வியந்தானாம். இராக்கியாஸ் என்பவன் தலைமையில் நால்வரைத் தூதாகவும் அனுப்பினான். கி.பி. 41 முதல் 54 வரை ஆண்ட கிளாடியஸ் காலத்துச் செய்தி இது.

அந்தக் காசு தமிழகக் கரையில் வாங்கிப்போன சரக்குகளில் தலையாயது மிளகு. முசிறியில் ஏற்றிய மிளகு உரோமின் தெருக்கடைகளில் விற்பனையானது. கவிஞர் ஹொரேஸ் அகுஸ்துஸுக்கு எழுதிய செய்யுட் கடிதத்தின் முடிவில் அந்தக் கடைத்தெரு வருகிறது: மட்டமான கவிதை எழுதிய தாள்கள் கடைசியில் சாம்பிராணிக்கும் மிளகுக்கும் பொதி சுற்றத்தான் போகும் என்று எள்ளுகிறார். புறக்கோட்டையில் பழைய தாளில் சுற்றிய கடதாசிச் சரையில் மிளகு வாங்கியவர்கள் இந்தக் கேலியை உரையில்லாமலே விளங்கிக்கொள்வார்கள். சங்கப் பாடல்களில் யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்புகிறது. அந்த மிளகு இறங்கிய தெருவை ஹொரேஸ் காட்டுகிறார். வணிகத்தின் இரு முனைகளிலும் கவிஞர்கள் இருந்தார்கள். ஒருவர் பாட்டு மற்றவர் காதில் விழவில்லை.

எட்டு அடி போதும்

அந்தப் பாட்டு எப்படிப்பட்டது? கட்டல்லஸ் வெரோனாக்காரர், முப்பது வயதையொட்டி இறந்தவர். காதலியின் குருவி செத்ததற்கும் பாடினார். கடல் கடந்த மண்ணில் புதைந்த தமையனின் கல்லறையைத் தேடிப் போனதற்கும் பாடினார். அவர் பாடல்கள் நம் கைக்கு வந்ததே தற்செயல். 1300ஐ ஒட்டி வெரோனாவில் வெளிப்பட்ட ஒரேயொரு சுவடி வழியாகத்தான் ஏறத்தாழ எல்லாம் பிழைத்தன. படிகள் எடுத்தபின் அந்தச் சுவடியும் தொலைந்தது.

ஹொரேஸ் கி.மு. 65இல் தென்னித்தாலியின் வெனூசியாவில் பிறந்தார். தகப்பன் அடிமையாயிருந்து விடுதலையானவர். மகனின் படிப்புக்காகவே அவனை உரோமுக்குக் கூட்டிப்போனார். கி.மு. 23இல் ஹொரேஸ் வெளியிட்ட பாடல் நூல்கள் மூன்றிலும் சேர்த்து 88 பாடல்கள். பின்னால் வந்த நான்காம் நூலில் 15. சிலவற்றின் நீளம் எட்டே அடி. அவற்றுள் ஒன்றில் லியுக்கோனோயே என்ற பெண், நமக்கு எத்தனை ஆண்டு ஆயுள் என்று பாபிலோனிய சோதிடரிடம் கணக்குக் கேட்கிறாள். வெளியே மாரிக்காலக் கடல் பாறையில் மோதித் தேய்கிறது. கணக்கை விடு, மதுவை வடி என்கிறார் கவிஞர். உலகமெங்கும் மேற்கோள் காட்டப்படும் ‘கார்பே தியெம்’ (இன்றைய நாளைப் பறித்துக்கொள்) என்ற இரண்டு இலத்தீன் சொற்கள் அந்தப் பாட்டின் கடைசி அடியில் உள்ளவை.

குறுந்தொகைக்கு நாலு முதல் எட்டு அடி என்பது அளவு. ஆகவே நீளம் தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. புதிது வேறொன்று. அகத்திணையில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் கூடாது. தொல்காப்பியம் அதை விதியாகவே வைத்திருக்கிறது. ஹொரேஸோ பெயர் சொல்லிக் கூப்பிடாமல் வாயைத் திறப்பது அரிது. லிதியா, போஸ்துமுஸ், தெல்லியுஸ், மைக்கேனஸ் என்று யாராவது ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். குறுந்தொகையை நாம் ஒட்டுக்கேட்கிறோம்; ஹொரேஸிடம் நம்மையும் பந்தியில் அமர்த்திவிடுகிறார்கள்.

வுல்பெண்டால் மேட்டில் இலத்தீன்

கொழும்பில் இலத்தீன் முறையான பாடமானது ஒல்லாந்தர் காலத்தில். 1696இல் அவர்கள் இங்கே ஒரு செமினறியைத் தொடங்கினார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளைச் சீர்திருத்தச் சபையின் போதகர்களாகவும் ஆசிரியர்களாகவும் ஆக்குவதே நோக்கம். அதற்கு இலத்தீன் வேண்டியிருந்தது, ஏனென்றால் அந்நாளைய இறையியல் நூல்கள் அந்த மொழியில் இருந்தன. அந்தச் சபைக்கென்று அவர்கள் 1757இல் கட்டி முடித்த வுல்பெண்டால் தேவாலயம் கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்து மேட்டில் இன்றும் நிற்கிறது.

அந்தச் செமினறியில் படித்தவர்களில் பெரும்பெயர் பிலிப்பு தெ மெல்லோ. 1723இல் கொழும்புச் செட்டிக் குடும்பமொன்றில் பிறந்தவர், 1790இல் மறைந்தவர். எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் மூன்றிலும் தேர்ந்து, போதகராகி, வேதாகமத்தைத் தமிழில் பெயர்க்க உழைத்தார். தமிழில் செய்யுளும் இயற்றினார். சைமன் காசிச்செட்டி 1859இல் வெளியிட்ட ‘தமிழ் புளூட்டாக்’ அவரைத் தமிழ்ப் புலவர் வரிசையில் சேர்த்திருக்கிறது. தெ மெல்லோவுக்கு இலத்தீன் வேதத்துக்கான வாசல். பாட்டுக்குத் தமிழே போதுமாயிருந்தது. இரண்டும் ஒரே மூளையில் அருகருகே வாழ்ந்தும் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 1796இல் ஆங்கிலேயர் கொழும்பைப் பிடித்தார்கள். அந்தக் கல்வி அத்தோடு முடிந்தது.

பிரம்பும் பரீட்சையும்

ஆங்கிலேயர் கொண்டுவந்த இலத்தீனில்தான் கவிதை முன்னுக்கு வந்தது. பூகோளத்தில் பார்த்தால் அதுவும் அதே மேட்டைச் சுற்றியே வளர்ந்தது. ஜோசப் மார்ஷ் 1835இல் ஹில் தெருவில் ஆரம்பித்த பள்ளி கொழும்பு அக்கடமியாகி, பின் றோயல் கல்லூரியானது. இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில் பழகிய பேராயர் ஜேம்ஸ் சப்மன் 1851இல் முகத்துவாரப் பக்கம் சென் தோமஸ் கல்லூரியை நிறுவினார். அது கல்கிசைக்குப் போனது 1918இல். கொட்டாஞ்சேனையில் புனித பெனடிக்ட் கல்லூரி 1865இல் வந்தது. இந்தப் பள்ளிகளின் குறிக்கோள் வாசகங்கள் எல்லாம் இலத்தீன். றோயலின் வாசகம் சொல்வது: கற்றுக்கொள், இல்லையேல் கிளம்பு.

ஹொரேஸுக்கு இப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தது. தன் நூலைப் பார்த்து, நீ ஊர் சுற்ற ஆசைப்படுகிறாய், கடைசியில் கிழடாகித் தெருமுனையில் சிறுவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பாய் என்று ஒரு செய்யுளில் எச்சரிக்கிறார். அவர் இறந்து நூறாண்டு கழிந்து சில காலத்துக்குள், பள்ளி விளக்குகளின் புகை படிந்து ஹொரேஸ் கறுத்துக் கிடப்பதை ஜுவனல் பாடிவிட்டார். ஹொரேஸின் சொந்த வாத்தியார் ஓர்பிலியுஸ் அடிக்குப் பேர்போனவர். அவர் பிரம்பைக் கவிஞர் முதுமையிலும் மறக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொழும்பு வகுப்பறைக்கு அவர் வந்திருந்தால் பிரம்பைப் பார்த்து வழி கண்டுபிடித்திருப்பார்.

கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சையும் லண்டன் மற்றிக்குலேஷனும் 1880களில் இங்கே வந்தபின் இலத்தீன் உத்தியோகத்துக்கான படியானது. அந்தப் படியில் முன்னரே ஏறியவர் பொன்னம்பலம் அருணாசலம். 1853இல் கொழும்பில் பிறந்து, அக்கடமியில் படித்து, கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட்ஸ் கல்லூரிக்குப் போனார். 1875இல் போட்டிப் பரீட்சை வழியாக இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் இலங்கையர் அவர். அந்நாளைய ஆங்கிலக் கல்வியின் உச்சியில் நின்றவர்தான் பிற்காலத்தில் மாணிக்கவாசகரை ஆங்கிலத்தில் பெயர்த்தார். இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும், சிங்களமும் தமிழும் கல்வியில் உரிய இடம் பெற வேண்டும் என்று குரல் கொடுத்தார்.

இங்கே அச்சின் கணக்கையும் பார்க்க வேண்டும். கட்டல்லஸ் வெனிசில் அச்சேறியது 1472இல். ஹொரேஸும் அதே காலத்தில். யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சிட்டது 1887இல். உ. வே. சாமிநாதையரின் புறநானூறு 1894இல். சௌரிப்பெருமாள் அரங்கனாரின் குறுந்தொகை 1915இல். ஆகவே 1880களின் தொடக்கத்தில் கொட்டாஞ்சேனையிலோ முகத்துவாரத்திலோ இலத்தீன் படித்த ஒரு தமிழ்ப் பெடியனுக்கு ஹொரேஸ் புத்தகக் கடையில் கிடைத்தார், கபிலர் கிடைக்கவில்லை. தன் மொழியில் இதே நீளத்தில், இதே கூர்மையில், ஏறத்தாழ இதே காலத்தில் பாட்டு இருந்தது என்பதை அவன் அறிய வழியில்லை. சிறிய தனிப்பாட்டின் பெருமையை அந்தத் தலைமுறைக்கு முதலில் சொன்னவர் உரோமர். ஈழத்தமிழரின் வாசிப்பு வரலாற்றில் இந்தத் தலைகீழ் வரிசையை நாம் போதிய அளவு கவனித்ததில்லை.

கோயில் பாட்டில் ஒளிந்திருந்த யாப்பு

பரீட்சை எழுதாதவர்கள் காதிலும் ஹொரேஸின் யாப்பு விழுந்தது. ஹொரேஸ் கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்குப் பழக்கிய வடிவங்களில் ஒன்று சப்போவின் பெயரால் வழங்குவது. பதினோரசை அடிகள் மூன்று. நாலாவது அடி ஐந்தசையில் சட்டென்று நிற்கும். வெண்பாவின் ஈற்றடி முச்சீராய்க் குறுகுவதை அறிந்த செவிக்கு அந்த நிறுத்தம் பழக்கமானதே. இலத்தீன் யாப்பும் குறில் நெடில் கணக்கில் நடப்பது. ஆங்கிலச் செவி அதைப் பிடிக்கத் தடுமாறும்.

கத்தோலிக்கத் திருச்சபை தன் இலத்தீன் கீர்த்தனைகள் பலவற்றை இந்த வடிவில் அமைத்தது. ஸ்நாபக அருளப்பர் திருநாளான ஜூன் 24ஆம் திகதிக்குரிய மாலைப் பாட்டு அவற்றில் ஒன்று. எட்டாம் நூற்றாண்டுப் பவுலுஸ் தியாக்கோனுஸ் இயற்றியதாகச் சொல்வார்கள். பதினோராம் நூற்றாண்டில் அரெற்சோ ஊர்க் குயிதோ என்ற துறவி, அந்தப் பாட்டின் சொற்றொடர்களின் முதல் அசைகளை எடுத்து உத், ரே, மி, பா, சொல், லா என்று சுரங்களுக்குப் பெயர் வைத்தார். பிரான்சின் மொன்பெலியே நகரிலுள்ள ஒரு பழஞ்சுவடியில் அதே மெட்டு ஹொரேஸ் பாடல் ஒன்றின் மேல் எழுதப்பட்டிருக்கிறது. மெட்டு முதலில் யாருடையது என்பதில் ஆய்வாளர் ஒத்துப்போகவில்லை. கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயத்துக் குருக்கள் இலத்தீனில் கட்டளைச் செபம் சொல்லிவந்த காலமெல்லாம், ஹொரேஸின் யாப்பும் அங்கே ஒலித்துக்கொண்டிருந்தது. லிதியாவுக்குப் பாடிய தாளம் அர்ச்சியசிஷ்டருக்குப் பாடுவதானது.

பின்னோக்கி வந்த அடிகள்

இரண்டு பாட்டுகளையும் ஒருவர் எதிரெதிரே வைத்துப் பார்க்க இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தனிநாயகம் அடிகள் 1913இல் ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கரம்பனில் பிறந்தார். 1931 முதல் 1934 வரை கொழும்பு புனித பெர்நாட் குருமடம், பின்பு உரோம். இலத்தீனும் பல ஐரோப்பிய மொழிகளும் கைவந்தபின்தான் தமிழை ஆழக் கற்கத் தொடங்கினார். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராயிருந்தபோது ஒரு பண்டிதரிடம் பாடம் கேட்டார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி ஆராய்ந்தார். அந்த ஆய்வு விரிந்து 1966இல் ‘நிலமும் கவிதையும்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாக வந்தது. 1952 முதல் 1961 வரை அவர் இலங்கைப் பல்கலைக்கழக விரிவுரையாளர்.

கிரேக்க, உரோமக் கவிதையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சங்கப்பாட்டைப் படித்தார் அடிகள். தமிழில் மலையும் கடலும் தனியாக நின்று அழகு காட்டுவதில்லை, மனிதரின் மனநிலைக்கு இடமாகவே வருகின்றன என்பதை உலக வாசகருக்கு விளங்கவைத்தார். இலத்தீன் படித்த பழைய கொழும்பு மாணவனுக்குக் கிடைக்காத இரண்டாவது புத்தகம் அவர் மேசையில் இருந்தது. அதனால்தான் ஒப்பிட முடிந்தது. தாழ்வு மனப்பான்மையும் இல்லை, வீண் பெருமையும் இல்லை.

அந்த ஒப்பீட்டை இன்றைய வாசகர் தொடரலாம். பிலிப்பி போர்க்களத்தில், கி.மு. 42இல், தான் கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடியதை ஹொரேஸ் கூச்சமில்லாமல் பாட்டில் சொல்கிறார். நெடுநாள் கழித்துத் திரும்பிவந்த போர்த்தோழனுக்கு விருந்து வைக்கும் பாட்டு அது. காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் புறநானூற்றுத் தாய் இதைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று நமக்குத் தெரியும். நட்பு என்று வரும்போதோ உரோமரும் தமிழரும் ஒரே ஊர்க்காரர்கள். மைக்கேனஸ் ஹொரேஸை ஆதரித்த செல்வர். நீ போகும் நாளில் நானும் போவேன் என்று அவருக்கு ஒரு பாட்டில் வாக்குக் கொடுத்தார் கவிஞர். கி.மு. 8இல் மைக்கேனஸ் இறந்தார். 59ஆம் நாள் ஹொரேஸும் இறந்தார் என்கிறார் சுவெத்தோனியுஸ். இருவர் கல்லறையும் எஸ்குயிலின் குன்றில் அருகருகே. வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனைத் தேடி, முன்பின் கண்டிராத பிசிராந்தையார் வந்து பக்கத்தில் அமர்ந்ததைப் படித்தவர்களுக்கு இந்தச் சாவு அந்நியச் செய்தியல்ல.

வெள்ளவத்தைக்கு வந்தபின்

1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் நிலைகொண்டது. எழுதுவினைஞரும் ஆசிரியரும் கணக்காளரும் காலி வீதியின் இருபுறமும் குடியேறினார்கள். அவர்களில் மூத்தவர்கள் மற்றிக்குலேஷனுக்கு இலத்தீன் படித்த கடைசித் தலைமுறை. அதே தலைமுறைதான் அச்சில் வந்த எட்டுத்தொகையை வாங்கிப் படித்த முதல் தலைமுறையும். பிறகு இலத்தீனின் தூண்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. 1945இன் இலவசக் கல்வியும் அதன் பின் வந்த தாய்மொழிக் கல்வியும் பள்ளியின் திசையை மாற்றின. 1963 டிசம்பர் 4ஆம் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்கு வழி திறந்தது. கொட்டாஞ்சேனையில் பூசை தமிழிலும் சிங்களத்திலும் நடக்கலாயிற்று. 1983 ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தை வீடுகள் எரிந்தபோது அலுமாரிகளிலிருந்த புத்தகங்களும் சேர்ந்து எரிந்தன. கட்டல்லஸ் ஒரு சுவடியால் பிழைத்தார் என்பதை நாம் சுவாரசியத் தகவலாகப் படித்துவிட்டுப் போக முடியாது.

இத்தனைக்கும் பிறகு உரோமின் பாட்டு ஏன் படிக்கப்படுகிறது? செம்மொழி என்ற மதிப்பு மட்டும் காரணமென்றால், இலத்தீனில் எழுதிய எத்தனையோ போர்க்காவியங்களும் அரச புகழ்ச்சிகளும் இன்று தூசியில் கிடக்கக் காரணமில்லை. பிழைத்தவை குறுகிய, ஒருவரை நோக்கிச் சொன்ன பாட்டுகள். சாப்பாட்டுக்கு வா என்பது, முதுமை வருகிறது என்பது, உன் மேல் கோபம் என்பது, தமையனை மண்ணில் விட்டுவந்தேன் என்பது. அவற்றைப் படிக்க அகுஸ்துஸின் அரசியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. குறுந்தொகையை அறிந்தவருக்கு அந்தக் குரல் இன்னும் துலக்கமாகக் கேட்கும், ஏனென்றால் குறைவாகச் சொல்லி நிறுத்துவதன் அருமை அவருக்குச் சொந்த வீட்டில் கற்ற பாடம். முன்பு ஹொரேஸ் வழியாகச் சிறு பாட்டை அறிந்தோம். இன்று கபிலர் வழியாக ஹொரேஸை அறியலாம்.

கொழும்பில் இலத்தீன் எப்போதும் வேறொன்றுக்கு ஊழியம் செய்தே வந்தது. ஒல்லாந்தருக்குப் போதகர் வேண்டியிருந்தது, ஆங்கிலேயருக்கு அதிகாரி வேண்டியிருந்தது, திருச்சபைக்கு ஒரே குரலில் செபம் வேண்டியிருந்தது. இன்று ஹொரேஸைப் படிப்பதால் இந்த நகரத்தில் எவருக்கும் பட்டமோ பதவியோ பிரம்படியோ கிடைக்கப்போவதில்லை. பிடித்திருப்பதைத் தவிர வேறு காரணமே இல்லாமல் ஒருவர் அவரைக் கையில் எடுக்க முடிவது இந்த நகரின் வரலாற்றில் இப்போதுதான்.

(அடுத்த இதழில்: கற்பிட்டியில் பிறந்து, கிரேக்க எழுத்தாளர் ஒருவரின் பெயரைத் தமிழ்ப் புலவர் வரலாற்றுக்குச் சூட்டிய சைமன் காசிச்செட்டி)